புகைக்குள் வழி காட்டியவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. மற்றவர்களுக்கு நாங்கள் யாரென்றே ஞாபகம் இருக்காது. இருந்தாலும் எழுதாமல் இருக்க மனசு வரவில்லை.

2023 ஆகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை. ஊரிலிருந்து வந்திருந்த அத்தைக்கு ஒக்கனாகன் ஏரியையும் பீச் பழத் தோட்டங்களையும் காட்டலாம் என்று கனடாவின் கால்கரியிலிருந்து, பக்கத்து மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள கெலோனாவுக்குக் காரில் கிளம்பினோம். கெலோனாவுக்கு எதிர்க்கரையில், மேற்குக் கெலோனா மலையில் தீ பிடித்திருப்பது தெரியும். நடுவில் அவ்வளவு பெரிய ஏரி இருக்கிறதே என்ற தைரியம். முந்தின இரவே தீப்பொறி காற்றில் பறந்து ஏரியைத் தாண்டி இந்தக் கரையிலும் பற்றிக்கொண்டது என்ற செய்தி பாதி வழியில்தான் எங்களை எட்டியது.

முதல் நன்றி, வழியில் ரோஜர்ஸ் மலைக்கணவாயில் பார்த்த பஞ்சாபி லாரிக்காரருக்கு. கண்ணாடியை ஏற்றியிருந்தும் காருக்குள் விறகடுப்பு வாசனை. பையன் இருமிக்கொண்டே வந்தான். ஓரமாக நிறுத்தி என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருந்தபோது நீங்களே இறங்கி வந்தீர்கள். ஏசியில் வெளிக்காற்றை அடைத்து உள்காற்றே சுற்றும்படி பொத்தானை அழுத்தினீர்கள். "அதற்காக மணிக்கணக்கில் அப்படியே விட்டுவிடாதீர்கள், ஓட்டுகிறவருக்குத் தூக்கம் வந்துவிடும். புகை குறைந்த இடத்தில் கொஞ்சம் திறந்து மூடுங்கள்" என்றீர்கள். அப்புறம் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு முன்னால் மெதுவாகப் போனீர்கள். பனிச்சரிவுக்காகக் கட்டிய அந்தச் சுரங்கங்களைத் தாண்டும்வரை உங்கள் பின்விளக்குகளைப் பார்த்துத்தான் என் கணவர் ஓட்டினார். நீங்கள் 'மாதாஜி' என்று கூப்பிட்டதை அத்தை இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கணவாயைத் தாண்டி வரும் ரெவல்ஸ்டோக் ஊரின் மருந்துக்கடைப் பெண்ணுக்கு: கடை சாத்தும் நேரம் அது. பையனின் நீல இன்ஹேலர் தீர்ந்துபோகிற நிலை, கையில் சீட்டும் இல்லை. கால்கரியில் நாங்கள் வாங்கும் கடைக்கு நீங்களே போன் போட்டு விவரம் கேட்டு, புதிது ஒன்று கொடுத்தீர்கள். குழாயோடு சேர்த்து மெதுவாக இழுக்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். நான் போட்டிருந்த துணி முகக்கவசத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இந்தப் புகைத்துகள் தலைமுடியைவிடப் பல மடங்கு சன்னம், துணியெல்லாம் தாங்காது என்று என்95 எடுத்துத் தந்தீர்கள்.

அன்றிரவு அதே ஊரில் நாங்கள் தங்கிய மோட்டல் அம்மாவுக்குத்தான் அதிகம் எழுத வேண்டும். "இரவு முழுக்க இது ஓடட்டும்" என்று ஒரு பெட்டியைத் தூக்கி வந்து அறையில் வைத்தீர்கள். வீட்டு ஹீட்டருக்குப் போடும் காற்று வடிகட்டி நான்கு. அவற்றைச் சதுரமாக நிறுத்தி, அடியில் அட்டை, மேலே ஒரு சாதாரண ஃபேன், இடுக்கெல்லாம் சாம்பல் நிற டேப். ஃபேன் காற்றை மேலே தள்ளத் தள்ள, அறைக்காற்று நாலு பக்கமும் வடிகட்டி வழியாக உள்ளே போகிறது. கோவிட் காலத்தில் அமெரிக்காவில் இரண்டு பேர் யோசித்துச் சொன்ன அமைப்பாம். ஒரு மணி நேரத்தில் அறையில் வாசனை அடங்கியது, பையன் இருமலும் தணிந்தது. கடையில் விற்கும் விலை உயர்ந்த இயந்திரத்தின் மேல் எனக்கிருந்த மரியாதை அன்றோடு போயிற்று.

நீங்கள் எங்களைக் கவனித்த நேரம் எப்படிப்பட்டது என்பது பிறகுதான் புரிந்தது. ஜூலை 13 அன்று அந்த ஊருக்கு அருகே தீயணைக்கும் பணியில், 19 வயதுப் பெண் ஒருத்தி மரம் விழுந்து இறந்திருக்கிறாள். உங்கள் ஊர்ப் பெண். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் வந்து நின்ற எங்களுக்குச் சுடச்சுட சூப் வைத்துக் கொடுத்தீர்கள்.

அப்புறம், கால்கரியில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த நம்ம தம்பிக்கு. அந்த மாகாணச் சாலை நிலவரம் காட்டும் டிரைவ்பிசி தளத்தின் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து நிலவரம் சொன்னாய். சனிக்கிழமை நீ பேசியது அப்படியே காதில் இருக்கிறது: "அக்கா, கெலோனா வேண்டவே வேண்டாம். காற்றின் தரக் குறியீடு 10+ காட்டுது, எண் ஏற ஏற மோசம், அதுக்கு மேலே அளவே கிடையாது. காம்லூப்ஸ் வழியா சுத்திப் போகலாம்னு மாமா சொல்வாரு, அந்த வழியிலே சேஸ் ஊர் பக்கத்திலேயும் ரோட்டை மூடிட்டாங்க." மாமா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்! அன்றே மாகாண அரசும், கெலோனா, காம்லூப்ஸ், வெர்னன் போன்ற ஊர்களில் சுற்றுலாப் பயணிகள் தங்கக் கூடாது, வீட்டை விட்டு வந்தவர்களுக்கும் தீயணைப்பாளர்களுக்கும் அறைகள் வேண்டும் என்று உத்தரவு போட்டது. எங்கள் அறையை விட்டுக்கொடுத்துவிட்டு வந்த வழியே திரும்பினோம்.

அந்தக் கோடையில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மட்டும் 28 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. வெளிநாடுகளிலிருந்தெல்லாம் வந்து தீயோடு நின்றவர்களுக்கும் எங்கள் நன்றி. அவர்கள் முகத்தை நாங்கள் பார்க்கக்கூட இல்லை.

பையன் இப்போது நன்றாக இருக்கிறான். அந்தப் பெட்டியை நாங்களும் ஒன்று செய்துவிட்டோம். வேண்டுமென்பவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம். ரெவல்ஸ்டோக் பக்கம் போகும் நண்பர்கள் யாராவது அந்த மோட்டல் அம்மாவைப் பார்த்தால், 'ஃபேன் பெட்டிக் குடும்பம்' விசாரித்தது என்று சொல்லுங்கள், புரியும்.

தம்பி, அத்தை ஊருக்குக் கிளம்புவதற்குள் ஒரு நாள் வீட்டுக்கு வா. உனக்காக அசோகா அல்வா கிண்டுவதாகச் சொல்லியிருக்கிறார். பாசிப்பருப்பு வாங்கி வைத்தாகிவிட்டது.

நன்றியுடன்,
கால்கரியிலிருந்து நாங்கள் நால்வரும்