சூடானால் சாகும் கண்டன்சர், "நீங்களே மாட்டினீர்கள்" என்ற பதில்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
பழைய புல்லட் வைத்திருக்கும் வாடிக்கையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
இரு சக்கர வாகன உதிரிபாகத் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: உங்கள் தயாரிப்பான கண்டன்சர் (இக்னிஷனில் வரும் சிறிய மின்பாகம்) மூன்றும் பழுதானது, வாரன்டி மறுக்கப்பட்டது தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

என்னுடையது 1994 மாடல் புல்லட் 350. காஸ்ட் அயர்ன் என்ஜின், வலது காலில் கியர், பிளாட்டினம் (காயிலுக்குப் போகும் கரண்ட்டை விட்டு விட்டு நிறுத்தும், திறந்து மூடும் இரண்டு தொடுமுனைகள்) வைத்த பழைய இக்னிஷன். அப்பா வாங்கிய வண்டி. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' என்ற புயல் அடித்தபோது எங்கள் வீட்டு முருங்கை மரம் இதன் மேல்தான் விழுந்தது. ஊரில் பல நாள் கரண்ட் இல்லை, மெக்கானிக் கடை எதுவும் திறக்கவில்லை. நானும் அப்பாவும் திண்ணையில் சாக்கை விரித்துப்போட்டு ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துடைத்து மாட்டினோம். அன்றிலிருந்து இந்த வண்டியின் வேலை முழுக்க என் கையில்தான். ஆயில் மாற்றுவது, டேப்பெட் வைப்பது, கிளட்ச் பிளேட் மாற்றுவது எல்லாம் வீட்டு வாசலிலேயே நடக்கும். இதை முதலிலேயே சொல்லக் காரணம், உங்கள் பதில் கடிதத்தில் என் மேல் வைத்திருக்கும் ஒரே குற்றச்சாட்டு, பாகத்தை நானே மாட்டினேன் என்பதுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். மார்ச் மாதம், வண்டியில் இருந்த பழைய பிளாட்டினம் தேய்ந்துவிட்டது என்று உங்கள் பிளாட்டினம் செட்டையும் கண்டன்சரையும் சேர்த்து வாங்கினேன். திருப்பாதிரிப்புலியூரில் பல வருடமாக நான் வாங்கும் கடை. பில் இருக்கிறது. கண்டன்சர் விலை 140 ரூபாய், பிளாட்டினம் செட் 260 ரூபாய். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பிளாட்டினத்தின் இடைவெளியை 0.35-க்கும் 0.40 மில்லிமீட்டருக்கும் நடுவில் வைத்தேன். பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது பிளாட்டினம் திறக்க வேண்டும். அதைச் சிகரெட் பெட்டிக்குள் வரும் மெல்லிய தாளைச் செருகி, தாள் நழுவும் இடம் பார்த்து வைத்தேன். இந்த அளவுகள் நான் சொந்தமாகக் கண்டுபிடித்தவை அல்ல, இந்த வண்டிக்கு உரியவை. சரியாக வைத்ததற்குச் சாட்சி, வண்டி முதல் கிக்கிலேயே பிடித்து, ஆட்டமில்லாமல் ஐடிலில் நின்றது.

260 கிலோமீட்டர்தான் ஓடியது. ஒருநாள் சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து திரும்பும்போது சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்க ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்துவிட்டு, மூடியைக் கழற்றி, என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். பிளாட்டினம் இரண்டுக்கும் நடுவில் நீலமும் வெள்ளையுமாகப் பொறி பறந்துகொண்டிருந்தது. கண்டன்சர் வேலை செய்தால் அங்கே பெரிதாகப் பொறி தெரியக் கூடாது. பிளாட்டினம் திறக்கும் நொடியில் காயிலில் ஓடும் கரண்ட் சட்டென்று நிற்க வேண்டும், அப்போதுதான் பிளக்குக்குப் பலமான தீப்பொறி போகும். சட்டென்று நிற்க முடியாமல் தாவப் பார்க்கும் அந்தக் கரண்ட்டை வாங்கிக்கொள்வதுதான் கண்டன்சரின் வேலை. அது வாங்காவிட்டால் பொறி பிளாட்டினத்திலேயே வெடித்து அதைத் தின்றுவிடும், பிளக்குக்குப் பலமில்லாத ஆரஞ்சு நிறப் பொறிதான் மிஞ்சும். புது பிளாட்டினத்தின் ஒரு பக்கம் குழியும் எதிர்ப்பக்கம் மேடுமாகக் கறுத்துப்போயிருந்தது. அதன் படத்தை முதல் கடிதத்திலேயே அனுப்பியிருக்கிறேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். ஒரு வார்த்தை பேசாமல் வேறு கண்டன்சர் எடுத்துக் கொடுத்தார். சரி, ஒன்று அப்படி அமைந்துவிட்டது என்று நினைத்து, பிளாட்டினத்தைத் தேய்த்துச் சமமாக்கி, இரண்டாவதை மாட்டினேன்.

அந்த இரண்டாவதால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளமாகிறது. மே மாதம் அம்மாவைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. அம்மாவுக்கு 68 வயது. அங்கே காலையிலேயே போய் வரிசையில் நிற்காவிட்டால் அந்த நாளே வீண் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். விடிந்ததும் கிளம்பினோம். பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி எல்லாம் தாண்டி, கன்னியக்கோயில் கடந்த கொஞ்ச தூரத்தில் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன், காற்றுத் துளை அடைப்பு இல்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் வந்தது. பிளக்கைக் கழற்றி என்ஜின் மேல் வைத்துக் கிக்கரை அடித்தால் பொறியே இல்லை. அப்புறம் சாவியைப் போட்டுக் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திக்கொண்டே, கரண்ட் ஓட்டத்தைக் காட்டும் அம்மீட்டரைப் பார்த்தேன். பிளாட்டினம் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் அப்படி ஆட வேண்டும். அன்றைக்கு அது மைனஸ் பக்கம் சாய்ந்தபடியே நின்றது. பிளாட்டினம் திறந்திருக்கும்போதும் கரண்ட் எங்கேயோ வண்டியின் பாடிக்குப் போய்க்கொண்டே இருந்தது என்று அர்த்தம்.

அம்மா பாலிதீன் பையில் ரிப்போர்ட்டுகளைப் பிடித்துக்கொண்டு புளியமரத்து நிழலில் நின்றார். அரை மணி நேரம் கழித்து, "நீ வண்டிய பாருப்பா, நான் பஸ்ல போய்க்கிறேன்" என்றார். தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வண்டியை ஒரு டீக்கடை ஓரத்தில் பூட்டிவிட்டு இருவரும் பஸ் பிடித்தோம். ஜிப்மர் இருக்கும் கோரிமேடு போய்ச் சேர்ந்தபோது அன்றைய பதிவு முடிந்திருந்தது. சாயங்காலம் டீக்கடைக்குத் திரும்பி வந்து கிக்கரை ஒரே ஒரு முறை அடித்தேன். வண்டி பிடித்துக்கொண்டது. என்ஜின் ஆறியிருந்தது, அவ்வளவுதான். வீடு வருவதற்குள் மறுபடியும் இரண்டு இடத்தில் நின்றது. ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் ஆறவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது.

மறுநாள் அவசரப்பட்டு உங்கள் பாகத்தைக் குறை சொல்லவில்லை. புதுப் பிளக் போட்டேன், மாற்றமில்லை. நண்பருடைய வண்டியிலிருந்து இக்னிஷன் காயிலைக் கழற்றி மாட்டி ஓட்டினேன், அப்போதும் சூடானதும் நின்றது. வயர் முழுவதையும் மீட்டரில் பார்த்தேன். கடைசியாக அப்பாவின் தகர டப்பாவைத் திறந்தேன். அதில் எண்ணெய்த் துணியில் சுற்றி, அப்பா எப்போதோ கழற்றி வைத்த பழைய கண்டன்சர் ஒன்று இருந்தது. இருபது வருடமாவது இருக்கும். வயரின் மேலுறை பழுப்பேறி, மேலே அடித்திருந்த எழுத்தெல்லாம் அழிந்துபோயிருந்தது. அதை மாட்டிக்கொண்டு பண்ருட்டி வரை போய்த் திரும்பினேன். உச்சி வெயிலில், எங்கும் நிற்கவில்லை. இன்று வரை வண்டி அந்தக் கண்டன்சரில்தான் ஓடுகிறது.

இதையெல்லாம் எழுதியதற்கு உங்களிடமிருந்து நான்கு வரியில் பதில் வந்தது. பாகத்தை அங்கீகரிக்கப்பட்ட மெக்கானிக் பொருத்தவில்லை, வாகனம் மிகப் பழையது, கடலோரக் காற்றில் பாகம் பாதிக்கப்பட்டிருக்கலாம், எனவே வாரன்டி பொருந்தாது என்று.

வாகனம் பழையது என்பதை எப்படி ஒரு காரணமாக எழுத முடிந்தது என்று எனக்கு விளங்கவில்லை. பாக்கெட்டின் மேல் காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்கு என்று நீங்கள்தானே அச்சடித்திருக்கிறீர்கள்? அந்த என்ஜின் வருவது நின்றே பல வருடமாகிறது. இந்தப் பாகத்தை வாங்கும் ஒவ்வொருவரும் பழைய வண்டிக்காரர்தான்.

கடல் காற்றை நான் மறுக்கவில்லை. இங்கே பல்பு ஹோல்டரில் பச்சை பூக்கும், ஸ்போக் துருப்பிடிக்கும், மாதம் ஒருமுறை கனெக்டர்களைத் துடைத்து கிரீஸ் தடவாவிட்டால் ஹாரன் அடிக்காது. ஆனால் அப்பாவின் கண்டன்சர் இதே வீட்டில், இதே காற்றில்தான் அத்தனை வருடம் இருந்தது. உங்களுடையது ஒரு மழைக்காலத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மெக்கானிக் விஷயத்துக்கு வருகிறேன். பாக்கெட்டின் பின்புறம் "6 மாதம் அல்லது 5000 கி.மீ. வாரன்டி" என்று மட்டும்தான் இருக்கிறது. யார் மாட்ட வேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லை. கடலூரில் உங்களுக்கு சர்வீஸ் சென்டர் கிடையாது, அங்கீகாரம் பெற்ற மெக்கானிக் யார் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. ஒரு ஸ்க்ரூவும் ஒரு வயரும் உள்ள பாகம் இது. சரி, என் கையைத்தான் நீங்கள் நம்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதனால்தான் மூன்றாவது ஒன்று வாங்கினேன். அதை வண்டியில் மாட்டவே இல்லை.

பாக்கெட்டைப் பிரித்து, முள் உள்ள பழைய மீட்டரில் பெரிய ஓம்ஸ் அளவில் வைத்துப் பார்த்தேன். கண்டன்சரின் வயரையும் அதன் உலோக உடம்பையும் மீட்டர் முனைகளால் தொட்டதும் முள் ஒரு துள்ளு துள்ளிவிட்டுப் பழைய இடத்துக்கே இறங்கியது. நல்ல கண்டன்சர் அப்படித்தான் செய்யும். அப்புறம் அதைத் தண்ணீர் புகாதபடி இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி, வயர் நுனியை வெளியே விட்டு, அடுப்பில் இறக்கிய வெந்நீரில் பத்து நிமிடம் வைத்தேன். இந்த வண்டியில் கண்டன்சர் சிலிண்டருக்குப் பின்னால் என்ஜின் சூட்டிலேயே இருக்கிற பொருள், அதனால் சூட்டில் பார்ப்பதுதான் நியாயமான சோதனை. இப்போது முள் துள்ளிய இடத்திலேயே, பூஜ்யத்தை ஒட்டி நின்றுவிட்டது, இறங்கவே இல்லை. உள்ளே ஷார்ட். ஆறியதும் மறுபடி சரியாகக் காட்டியது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதே கதை. அப்பாவின் கண்டன்சரையும் அதே வெந்நீரில் வைத்தேன். முள் ஒழுங்காக இறங்கியது. இரண்டையும் மகள் செல்போனில் வீடியோ எடுத்திருக்கிறாள், இணைத்திருக்கிறேன்.

இரண்டாவது, மூன்றாவது இரண்டிலும் பேட்ச் எண் ஒன்றுதான். தயாரித்த மாதமும் வருடமும் எங்கே என்று தேடினால், அதன் மேல் விலை ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறது. பாக்கெட் பொருளில் அது வாங்குபவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது சட்டம். ஸ்டிக்கரை ஒட்டியது யார் என்பதையும் நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

நான் கேட்பது இவைதான். இரண்டு கண்டன்சருக்கான 280 ரூபாயும், முதல் கண்டன்சர் தின்றுபோன பிளாட்டினம் செட்டின் 260 ரூபாயும், ஆக 540 ரூபாய் திரும்ப வேண்டும். இந்தப் பேட்சில் கடைகளில் மிச்சம் இருப்பதைத் திரும்ப எடுத்து, சூட்டில் சோதித்துவிட்டு விற்க வேண்டும். எனக்குப் பணத்தைவிட இதுதான் முக்கியம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி நேரத்தில் லாரிக்கு முன்னால் வண்டி இப்படி நின்றால் என்ன ஆகும் என்று கன்னியக்கோயிலில் நின்றபோது நினைத்துப் பார்த்தேன். பிறகு, வாரன்டியை மறுத்த அந்தக் கடிதத்தை எழுத்துபூர்வமாகத் திரும்பப் பெற வேண்டும். சொந்தக் கையால் மாட்டினால் வாரன்டி இல்லை என்பதுதான் உங்கள் விதி என்றால், அதை வாங்குவதற்கு முன்பே தெரியும்படி பாக்கெட்டில் அச்சடியுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன். அதற்கும் தீர்வு இல்லையென்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. அதற்காகவே மூன்றாவது கண்டன்சரைப் பாக்கெட்டோடு பத்திரமாக வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன்.

அதற்கு முன் உங்கள் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து ஒருவரை அனுப்பினால் எனக்குச் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை காலை நான் வீட்டில்தான் இருப்பேன். அவருடைய மீட்டரையே கொண்டுவரட்டும், வெந்நீர் மட்டும் நான் வைத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கடலூர்.

இணைப்பு: பில் நகல்கள், பிளாட்டினத்தின் படம், மூன்று பாக்கெட்டுகளின் படம், வீடியோ, உங்கள் பதில் கடிதத்தின் நகல்.