வெள்ளிக்கிழமை இரவு வியாழன் கோளைப் பார்க்கப் பிள்ளைகளை அனுப்புங்கள்

அன்பான பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். மாரி ஓய்ந்து வானம் வெளித்துவிட்டது. இந்தத் தவணை முழுவதும் தரம் 9, 10 பிள்ளைகள் வெள்ளிக்கிழமைகளில் இரவு 7 மணி முதல் 9 மணி வரை பாடசாலை மைதானத்தில் வியாழனைத் தொலைகாட்டியால் பார்த்துக் குறிப்பெடுக்கப் போகிறார்கள். சென்ற கூட்டத்தில் ஒரு தந்தை, "சேர், இது நாசாக்காரர் பார்க்கிற வேலை, எங்கட பிள்ளையள் பார்த்து என்ன வரப்போகுது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்காகவே இந்தக் கடிதம்.

பெரிய தொலைகாட்டிகளில் ஒரு விஞ்ஞானிக்கு வருடத்தில் சில இரவுகள் கிடைத்தாலே பெரிது. வியாழனோ 10 மணித்தியாலத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடும். அதன் மேகங்கள் ஓயாமல் மாறும். விடாமல் பார்ப்பதென்றால் உலகத்தின் எல்லாப் பக்கத்திலும் ஆட்கள் வேண்டும். அந்தக் காவலைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள்.

2009 யூலை 19 அன்று அவுஸ்திரேலியாவில் அந்தனி வெஸ்லி என்ற கணினி நிரலாளர், தன் சொந்தத் தொலைகாட்டியில் வியாழனின் தென்முனைப் பக்கம் புதிய கறுப்புத் தழும்பொன்றைக் கண்டு உடனே அறிவித்தார். ஹவாயிலுள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைகாட்டி அந்தப் பக்கம் திரும்பியது. ஏதோ ஒன்று மோதியிருப்பது உறுதியானது. சில நாட்களில் ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியும் படம் எடுத்தது. வெஸ்லி சொல்லாதிருந்தால் அங்கே பார்க்கவேண்டும் என்றே யாருக்கும் தோன்றியிருக்காது.

அடுத்த வருடம் யூன் 3 அன்று வியாழனில் ஓர் ஒளி மின்னி, இரண்டு செக்கனளவில் மறைந்தது. வெஸ்லியின் வீடியோவிலும், பிலிப்பைன்ஸில் இருந்த கிறிஸ்டோபர் கோவின் வீடியோவிலும் அது ஒரே கணத்தில் பதிவாகியிருந்தது. இரண்டு நாடுகளில் பதிந்ததால் கருவிக் கோளாறு என்று ஒதுக்க முடியவில்லை. அந்த வெளிச்சத்தை அளந்தே, மோதிய கல் 10 மீற்றர் அளவு இருக்கும் என்று விஞ்ஞானிகள் கணித்தார்கள். நேரத்தைச் சரியாகக் குறித்துவைப்பது எவ்வளவு பெறுமதியானது என்று வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? பழைய மாணவர்கள் தந்த 6 அங்குலத் தொலைகாட்டி. வியாழனின் இரண்டு கருமைப் பட்டிகளும் நான்கு பெரிய நிலவுகளும் அதில் தெரியும். கண்வில்லையோடு போனைப் பொருத்தி வீடியோ எடுத்து, அதிலுள்ள தனித்தனிப் படங்களில் தெளிவானவற்றை மட்டும் பொறுக்கி ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிப் படமாக்கப் பிள்ளைகள் பழகுவார்கள். உலகெங்கும் ஆர்வலர்கள் செய்வதும் இதே முறைதான். அதோடு வன்னி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகையில் இருக்கிறது. கோள்கள் இங்கே வானில் நன்றாக உயர ஏறும். லண்டனில் இருப்பவருக்குப் பல வருடங்களில் அடிவானத்துக் கலங்கலூடாகவே தெரிகிற கோள், நமக்குத் தெளிவாகத் தெரியும்.

யானை நடமாட்டம் உள்ள பக்கத்துப் பிள்ளைகளை 9 மணிக்கு வீட்டார் ஒருவர் கட்டாயம் வந்து கூட்டிப்போக வேண்டும். மற்றவர்களை ஆசிரியர்கள் சேர்ந்து வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். பிள்ளைகள் ஒரு கொப்பி, பென்சில், டோர்ச், நேரம் சரியாகக் காட்டும் மணிக்கூடு கொண்டுவந்தால் போதும்.

இணைத்துள்ள சம்மதப் படிவத்தில் ஒப்பமிட்டுப் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட ஐயாவும் முதல் வெள்ளிக்கிழமை மகளோடு வரவேண்டும் என்பது என் விருப்பம்.

அன்புடன்,
அதிபர்