பெயரடைக்கு அட்டவணை மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஆங்கிலப் பெயர்ச்சொல்லை அட்ஜெக்டிவ், அதாவது பெயரடை, ஆக்குவது பற்றி உங்கள் மாணவர் பகுதியில் வந்த பக்கத்தை என் வகுப்புப் பிள்ளைகள் பலர் வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் '-ஃபுல்', '-லெஸ்' போன்று சொல்லின் கடைசியில் சேரும் பின்னொட்டுகளை அட்டவணையாகத் தந்ததோடு நிறுத்திவிட்டீர்கள். அதனால் எந்தச் சொல்லோடும் எதையும் ஒட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு வந்துவிடுகிறது.

தமிழில் அது ஓரளவு நடக்கும். அழகு அழகான ஆகும், ஆபத்து ஆபத்தான ஆகும். 'உள்ள', 'இல்லாத' இரண்டும் ஏறக்குறைய எல்லாப் பெயரோடும் சேரும். அந்தப் பழக்கத்தில் வரும் பிள்ளை, 'கேர்ஃபுல், கேர்லெஸ்' படித்த கையோடு 'பியூட்டிலெஸ்' என்று எழுதிவிடுகிறது. 'ஹோம்லெஸ்' உண்டு, 'ஹோம்ஃபுல்' கிடையாது. 'பிரைஸ்லெஸ்' என்றால் மதிப்பில்லாதது என்றே பலர் நினைக்கிறார்கள். அது நம் 'விலைமதிப்பற்ற' போல உயர்வான சொல். மதிப்பில்லாததற்கு 'வொர்த்லெஸ்' இருக்கிறது.

ஒரே சொல்லுக்கு இரண்டு அட்ஜெக்டிவ் வரும் இடம்தான் பெரிய சிக்கல். 'எகானமி'யிலிருந்து வரும் 'எகனாமிக்' பொருளாதாரம் சார்ந்தது, 'எகனாமிக்கல்' சிக்கனமானது. அரசின் கொள்கைக்கு முன்னது, நல்ல மைலேஜ் தரும் பைக்குக்குப் பின்னது. 'சைல்டிஷ்' என்றால் சிறுபிள்ளைத்தனம் என்ற திட்டு, 'சைல்ட்லைக்' என்றால் குழந்தை போன்ற மனம் என்ற பாராட்டு. வெயில் அடிக்கும் நாள் 'சன்னி டே'. மொட்டைமாடியில் இருப்பது 'சோலார் பேனல்'. ஒன்று ஆங்கிலத்தின் சொந்தச் சொல், மற்றது லத்தீன் வழி வந்தது. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சுச் சொற்கள் ஏராளமாகப் புகுந்தன. படிப்பாளிகள் லத்தீனிலிருந்தும் நிறைய எடுத்துக்கொண்டார்கள். பல்லுக்கு 'டூத்' என்றும் அதன் மருத்துவத்துக்கு 'டென்டல்' என்றும் இருப்பதற்கு இந்த வரலாறுதான் காரணம். இதைச் சொன்னால் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்கிறார்கள், மனப்பாடச் சுமையும் குறைகிறது.

அப்புறம், ஒட்டே வேண்டாத இடங்களும் உண்டு. நாம் பள்ளிப் பேருந்து, கல் சுவர் என்பதுபோல அவர்களும் 'ஸ்கூல் பஸ்', 'ஸ்டோன் வால்' என்கிறார்கள். இப்படி முன்னால் நிற்கும் பெயர் பெரும்பாலும் ஒருமையில்தான் இருக்கும்: 'டென்-இயர்-ஓல்டு பாய்'. இதில் 'இயர்ஸ்' என்று எழுதுவது நம் ஊரில் மிகப் பரவலான பிழை. 'லி'யில் முடிவதால் 'ஃபிரண்ட்லி' என்ற அட்ஜெக்டிவை அட்வெர்ப் (வினையடை) என்று நினைத்து, 'ஹி ஸ்போக் ஃபிரண்ட்லி' என்று எழுதுவதும் அப்படித்தான்.

அடுத்த முறை ஒவ்வொரு அட்ஜெக்டிவையும் அது இயல்பாகச் சேரும் பெயரோடு, முடிந்தால் ஒரு சிறு வாக்கியத்தில் வைத்து வெளியிடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஐம்பது சொல் வேண்டாம், பத்து போதும். எகனாமிக், எகனாமிக்கல் போன்ற இரட்டையரை மட்டும் தனிப் பெட்டியில் போட்டுவிட்டால், நாங்கள் அதை அப்படியே கரும்பலகைக்குக் கொண்டுபோவோம்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்.