ஏஜெண்ட் போன பிறகு வரும் பில்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஏஜெண்ட் ஒப்பந்தம் எழுத வருகிறவர்கள் கமிஷன் எத்தனை சதவீதம் என்பதில்தான் நேரத்தைச் செலவிடுகிறார்கள். அந்த ஏஜெண்ட் ஊருக்குள் உங்கள் பெயரைச் சொல்லி எதையெல்லாம் செய்யலாம், விலகிய பின் அந்தப் பெயரை எப்படித் திரும்ப வாங்குவது என்பது கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளப்படுகிறது. இந்த மடல் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியது.

சட்டப் புத்தகங்கள் உங்களை ‘முதல்வர்’ என்றும் அவரை ‘முகவர்’ என்றும் சொல்லும். முதல்வர் என்றதும் வேறு நினைப்பு வரும் என்பதால் இங்கே உரிமையாளர், ஏஜெண்ட் என்றே எழுதுகிறோம்.

முதலில் அவர் ஏஜெண்ட்தானா என்று பாருங்கள். உங்களிடம் சரக்கை விலைக்கு வாங்கி, தன் விலையில் விற்று, தேங்கினால் நஷ்டத்தைத் தானே சுமப்பவர் டீலர். விசிட்டிங் கார்டில் ‘ஏஜென்சி’ என்று போட்டிருந்தாலும் அவர் டீலர்தான். உங்கள் சரக்கை உங்களுக்காக விற்றுக் கமிஷன் வாங்குபவர்தான் ஏஜெண்ட். டீலர் தன் வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு பொதுவாக உங்களைக் கட்டாது. ஏஜெண்ட் தன் அதிகாரத்துக்குள் நின்று கொடுத்த வாக்கு, நீங்களே கொடுத்தது போல.

இனி அந்த ‘அதிகாரம்’. நீங்கள் எழுதிக் கொடுத்தது ஒன்று. அந்த வேலையைச் செய்ய வழக்கமாகத் தேவைப்படும் சில்லறை அதிகாரங்கள், எழுதாவிட்டாலும் கூடவே வரும். இவை இரண்டையும் எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். சிக்கல் மூன்றாவதில்: நீங்கள் கொடுக்காதது, ஆனால் கொடுத்தது போல வெளியே தெரிய நீங்களே இடம் கொடுத்தது. இதைத் தோற்ற அதிகாரம் என்பார்கள். ஒரு கம்பெனியில் நிர்வாக இயக்குநர் என்று யாரையும் நியமிக்கவில்லை. ஒரு இயக்குநர் அப்படி நடந்துகொண்டார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அமர்த்திய கட்டட வடிவமைப்பாளர்களுக்குக் கம்பெனிதான் கட்டணம் தர வேண்டும் என்று 1964-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது (ஃப்ரீமேன் அண்ட் லாக்யர் வழக்கு).

ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தோற்றம் உங்கள் செயலாலோ மௌனத்தாலோ உண்டாகியிருக்க வேண்டும். ‘எனக்கு எல்லா அதிகாரமும் உண்டு’ என்று ஏஜெண்ட் தானே சொல்லிக்கொண்டால் மட்டும் போதாது. அதிகாரம் இல்லை என்ற உண்மை எதிரில் இருப்பவருக்கு முன்பே தெரிந்திருந்தால், அப்போதும் உங்களைக் கட்டாது. ஆகவே ‘தள்ளுபடி 5 சதவீதத்துக்கு மேல் கூடாது’ என்ற வரம்பு உங்களுக்கும் ஏஜெண்டுக்கும் இடையிலான தாளில் மட்டும் இருந்தால், அவர் 12 சதவீதம் கொடுத்த பிறகு அவரிடம் நஷ்டஈடு கேட்க உதவும். வாங்கியவரிடம் மீதியைக் கேட்க உதவாமல் போகலாம். அதே வரம்பை விலைப்பட்டியலிலும் ஆர்டர் படிவத்திலும் அச்சிட்டால் நிலைமை மாறும். ‘எங்கள் அலுவலகம் எழுத்தில் உறுதி செய்த பிறகே ஆர்டர் ஏற்கப்படும், பணம் நிறுவனக் கணக்கில் மட்டும்’ என்ற இரண்டு வரிகளை எங்கள் படிவங்களில் எப்போதும் சேர்ப்பது இதற்காகத்தான். ஆனால் அச்சிட்டுவிட்டு, ஏஜெண்ட் ரொக்கமாக வாங்கிவந்ததை மாதாமாதம் மறுப்பில்லாமல் வரவு வைத்தால், அந்த வரி வெறும் மை.

ஏஜெண்ட் விலகும் கட்டத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் 1857-இல் தீர்ப்பான சம்மர்ஸ் எதிர் சாலமன் வழக்கை நாங்கள் அடிக்கடி எடுத்துக் காட்டுவோம். நகைக்கடை மேலாளர் ஒரு வியாபாரியிடம் கடைக்காக நகை வாங்குவார், உரிமையாளர் பணம் கொடுப்பார், இது பழக்கம். மேலாளர் வேலையை விட்டார். பிறகும் அதே வியாபாரியிடம் பழைய பெயரில் நகை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார். பணம் கொடுக்க வேண்டியவர் உரிமையாளர்தான் என்று ஆனது, ஏனென்றால் வியாபாரிக்கு யாரும் சொல்லவில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் (1872) 208-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: அதிகாரம் முடிந்தது ஏஜெண்டைப் பொறுத்தவரை அவருக்குத் தெரிந்தபோதும், மற்றவர்களைப் பொறுத்தவரை அவரவர்க்குத் தெரிந்தபோதும்தான் செல்லும்.

எனவே நிறுத்தும் நாளிலேயே, மறுநாள் அல்ல, செய்ய வேண்டியவை உண்டு. அவர் வழியாக உங்களோடு வியாபாரம் செய்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதமோ மின்னஞ்சலோ போக வேண்டும். கிடைத்ததற்கான அத்தாட்சியைக் கோப்பில் வையுங்கள். பத்திரிகை விளம்பரம் புதியவர்களுக்கு உதவும், பழைய வாடிக்கையாளர் அதைப் படித்தார் என்று நிரூபிப்பது கடினம். எழுதாத ரசீதுப் புத்தகங்கள், லெட்டர்ஹெட், முத்திரை, அடையாள அட்டை, பவர் பத்திரத்தின் அசல் ஆகியவற்றை எண் போட்டுத் திரும்ப வாங்குங்கள். வாங்க முடியாத ரசீதுகளின் எண்களைக் கடிதத்திலேயே ‘செல்லாது’ என்று குறிப்பிடுங்கள். அவர் கைப்பேசி எண் உங்கள் விளம்பரப் பலகையில் இருந்தால் அதையும் அழியுங்கள். பலகை பேசிக்கொண்டே இருக்கும்.

கமிஷன் பற்றியும் கொஞ்சம். எத்தனை சதவீதம் என்பதைவிட எப்போது சேரும் என்பதுதான் சண்டை. ஆர்டர் வந்ததும் சேருமா, சரக்கு போனதுமா, பணம் வந்ததுமா? சரக்கு திரும்பி வந்தால் கழிப்பீர்களா? ஏஜெண்ட் போன பிறகு, அவர் பிடித்த வாடிக்கையாளர் மறுபடி வாங்கினால்? இங்கிலாந்தில் 1941-இல் தீர்ப்பான லக்சர் எதிர் கூப்பர் வழக்கில், விற்பனை முடிந்தால் கமிஷன் என்று பேசியிருந்தார்கள். ஏஜெண்ட் வாங்கும் ஆளைக் கொண்டுவந்தும் உரிமையாளர்கள் பின்வாங்கினார்கள். ஏஜெண்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சரக்கு விற்கும் ஏஜெண்டுகள் உங்களுக்கு இருந்தால் வேறு கணக்கு: ஒன்றியத்தின் 1986-ஆம் ஆண்டுச் சட்ட நெறிமுறைப்படி (டைரக்டிவ்) முதல் ஆண்டில் 1 மாதம், இரண்டாம் ஆண்டில் 2, மூன்றாம் ஆண்டு முதல் குறைந்தது 3 மாத முன்னறிவிப்பு வேண்டும், முடியும்போது ஈட்டுத்தொகையும் கேட்கலாம்.

எதிர்த்தரப்பிடம் உங்களுக்குத் தெரியாமல் ரகசியக் கமிஷன் வாங்கிய ஏஜெண்ட் அதை உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும், உங்களுக்கு நஷ்டம் இல்லாவிட்டாலும். ‘இரண்டு பக்கமும் வாங்குவது தொழில் வழக்கம்’ என்பது பதில் ஆகாது. உங்களிடம் முழுதும் சொல்லிச் சம்மதம் பெற்றிருந்தால் மட்டுமே பதில்.

ஏஜெண்டாக வேலை செய்யும் வாடிக்கையாளர்களுக்கு ஒரே சொல்: கையெழுத்துக்கு மேல் ‘இன்னாருக்காக, அவருடைய ஏஜெண்ட்’ என்று எழுதுங்கள். வெறும் பெயரைப் போட்டால் கடன் உங்கள் தலையில் விழக்கூடும்.

ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது மூன்றைக் கொண்டுவாருங்கள்: ஏஜெண்டிடம் உள்ள ரசீதுப் புத்தகங்களின் எண்கள், அவர் வழியாக வாங்குபவர்களின் முகவரிகள், கடந்த ஆண்டில் அவர் வரம்பு மீறியும் நீங்கள் ஏற்றுக்கொண்ட ஆர்டர்கள். மூன்றாவதை மறைக்க வேண்டாம். ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும் என்பதே அதைப் பார்த்துத்தான் முடிவாகும்.

அன்புடன்,
உங்கள் ஒப்பந்த ஆவண அலுவலகத்தார்