குடலைக் கழுவினால் முதுகு நிமிருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உடல்நலப் பக்கத்தில் முதுகெலும்பு வாதம் பற்றிய கட்டுரை. 'குடலில் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் கூடுவதே நோய்க்குக் காரணம். குடலைச் சுத்தம் செய்தால் முதுகு தானாக நிமிரும்' என்று அதில் ஒரு வரி. அதைக் கத்தரித்துக்கொண்டு, கையில் விளக்கெண்ணெயோடு என் அக்கா தண்டையார்பேட்டைக்கே வந்துவிட்டார். மாத்திரையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வேறு. மூன்று நாள் கக்கூஸுக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். நிமிரவில்லை.

பதினாறு வருடமாக விடியற்காலை ஜன்னல் கம்பியைப் பிடித்துத்தான் எழுகிறேன். நடந்தால்தான் இடுப்பு இளகும், படுத்தால் இறுகும். கழுத்து திரும்பாது, பஸ் வருகிறதா என்று உடம்போடு திரும்பிப் பார்ப்பேன். முதல் ஒன்பது வருடம் 'வாயு' என்றார்கள். மூட்டுவாதத்துக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், அதனால் வாதமே இல்லை என்று எழுதிக் கொடுத்தார் ஒரு டாக்டர். இந்த நோயில் அது பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் இருக்கும். எச்எல்ஏ பி27 மரபணுவுக்கும் இதற்கும் உள்ள உறவு 1973லேயே தெரிந்துவிட்டது. தாங்கள் அறியாததா?

ஐஜிஏ என்பது சீம்பாலிலும் கண்ணீரிலும் எச்சிலிலும் குடல் சவ்விலும் கிருமிகளுக்கு எதிராகக் காவல் நிற்கும் எதிர்ப்பொருள். மற்ற எதிர்ப்பொருட்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் உடம்பு இதைத்தான் அதிகம் தயாரிக்கிறது. என் போன்ற பலருக்கு ரத்தத்தில் அது கூடியிருப்பது உண்மை. ஏறக்குறைய பாதிப் பேருக்கு வயிற்றுவலியே இல்லாமல் குடலில் லேசான அழற்சி இருப்பதும் உண்மை. ஆனால் சண்டை நடந்த தெருவில் போலீஸ் நிற்கிறது என்றால், மூட்டிவிட்டதே போலீஸ்தானா? ஆராய்ச்சியாளர்களே இன்னும் முடிவு கட்டாததைத் தங்கள் கட்டுரையாளர் அரைப் பக்கத்தில் முடித்துவிட்டார். சந்தோஷம்.

அதற்குப் படம்? காசிமேட்டில் கூடை தூக்கும் ஒருவர். வடசென்னை என்றால் உங்களுக்கு மூட்டை தூக்குபவர், இல்லையென்றால் ரவுடி. நான் கணக்கெழுதுகிறவன் ஐயா. தூக்கியதிலேயே கனமானது லெட்ஜர். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்தபோது நான் எழுதிய இரண்டு கடிதங்களும் வரவில்லை. அப்போது இடமில்லை போலிருக்கிறது. விளக்கெண்ணெய்க்கு இருக்கிறது.

இதையாவது போடுங்கள். முடியாவிட்டால், அதே பக்கத்தில் அதே எழுத்தளவில் இரண்டு வரி திருத்தம் போதும். அக்கா அச்சில் வந்ததை மட்டும்தான் நம்புவார்.

இப்படிக்கு,
இருபது வருட வாசகன்,
தண்டையார்பேட்டை