அந்தப் பலகையைத் திருப்பித் தாருங்கள்

எங்கள் பிரதேச சபையின் தவிசாளர் ஐயாவுக்கும், செயலாளர் அம்மாவுக்கும், உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வாசிகசாலை விறாந்தையில் நாங்கள் தாள்கள் ஒட்டிவந்த வாசிப்புப் பலகை எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. அதைக் கழற்றச் சொன்ன சபைக் கடிதத்தில் 'அனுமதி பெறப்படாத பிரசுரங்கள்' என்று எழுதியிருந்தது. எழுதியவர் அவற்றை ஒருக்காலாவது நின்று வாசித்தாரோ தெரியாது. அதனால் அங்கே என்ன இருந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் நாலைந்து பேர். சிலர் என்னைப்போல வீட்டிலிருந்து மென்பொருள் எழுதிப் பிழைப்பவர்கள், ஒருவர் இளைப்பாறிய விஞ்ஞான ரீச்சர். அண்மையில் வாசித்ததில் நல்லதாகப் பட்டதை வாரம் ஒன்றாக எங்கள் தமிழில் எழுதி, பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டினோம். அவ்வளவுதான் குற்றம்.

ஒரு வாரம் ஒட்டியது 2024 மார்ச்சில் நடந்த சம்பவம். லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் 'எக்ஸ்.இசட்.' என்ற சின்ன மென்பொருளை ஒரு மனிதர் சம்பளமில்லாமல் பராமரித்து வந்தார். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் 2021 அளவில் உதவிக்கு வந்து, மெல்ல மெல்ல நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பிலும் பங்கு வாங்கி, கடைசியில் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் ஒரு பின்கதவை, அதாவது வெளியிலிருந்து களவாக உள்ளே நுழையும் வழியை, செருகிவிட்டார். அவர் யார், ஒருவர்தானா என்பதுகூட இன்னும் வெளியாகவில்லை. பிடித்தவர் அன்ட்ரெஸ் ஃபிரொயின்ட் என்ற பொறியியலாளர். அவர் கள்ளனைத் தேடிப் போகவில்லை. வேறு ஏதோ வேக அளவீடு செய்துகொண்டிருந்தபோது, தூரத்துக் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரைச் செக்கன் கூட எடுத்ததைக் கண்டு, ஏன் என்று தோண்டினார். தோண்டாமல் விட்டிருந்தால் உலகம் முழுக்க எத்தனையோ சேர்வர்களுக்குள் அந்தக் கதவு போய் உட்கார்ந்திருக்கும்.

ஒவ்வொரு தாளின் கீழும் கேள்வி எழுத ஒரு சாண் வெறும் இடம் விட்டிருந்தோம். இதற்குக் கீழே பென்சிலால், சரிந்த எழுத்தில்: "அரைச் செக்கன் பிந்தினதை மனுசரால் எப்படிக் கவனிக்க முடியும்?" எழுதியது உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படிக்கும் ஒரு பிள்ளை. ரியூசன் முடிந்து மினி பஸ் வரும்வரை விறாந்தையில்தான் நிற்பாள். புத்தகப் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, கொப்பியின் பின்பக்கத்தில் கட்டுரையை வரி விடாமல் பார்த்தெழுதுவாள். பஸ் வந்தால் பாதியில் விட்டு ஓடுவாள், மற்ற நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். போட்டோக்கொப்பி எடுத்துத் தரவா என்று கேட்டதற்கு, எழுதினால்தான் மனதில் நிற்கும் அண்ணா என்றாள்.

"எல்லாம்தான் போனில் இருக்கே, பலகை என்னத்துக்கு?" என்று உங்கள் கந்தோரில் கேட்டார்கள். அந்தப் பிள்ளையின் வீட்டில் இருப்பது ஒரே போன். அது விடிய அப்பாவோடு வேலைக்குப் போய் இரவுதான் திரும்பும். டேற்றா இருந்தாலும் இந்தக் கதைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் கிடக்கின்றன. அவள் படிப்பது தமிழ் மொழிமூலம். இப்போதும் அங்கேதான் நிற்கிறாள். பலகை இருந்த சுவரில் சந்தைக் குத்தகைக்கான கேள்விப்பத்திர அறிவித்தல் ஒட்டியிருக்கிறது, திகதி முடிந்தது.

போன வேகத்திலேயே பலகையைத் திருப்பித் தாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இதற்குள் ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிட வேண்டும். கழற்றப்பட்ட கடைசித் தாள் எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றியது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தடியில் நைத்திரேற்று எப்படிச் சேர்கிறது, தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிகளும் அதில் என்ன பங்கு வகிக்கின்றன, உலக சுகாதார நிறுவனம் ஏன் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது, பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது ஏன் ஆபத்து என்பவை இருந்தன. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாக அது இன்னும் அடர்த்தியாகும் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தோம். கீழே யாரோ ஒரு தாய் எழுதியிருந்தார்: "எங்கடை ஒழுங்கைக் கிணறுகளில எவ்வளவு இருக்கு எண்டு ஆரைக் கேக்கலாம்?" மற்றக் கிழமை பலகை இல்லை. கேள்விக்கும் கழற்றலுக்கும் தொடர்பில்லை என்று நீங்கள் சொன்னால் நம்புகிறோம். நம்பத்தானே வேண்டும்.

அனுமதியில்லாததும் பிழையானதும்தான் பிரச்சினை என்றால் உள்ளே புத்தக அலுமாரியையும் ஒருக்கால் திறந்து பாருங்கள். சர்வதேச வானியல் ஒன்றியம் 2006 இல் புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து இறக்கிவிட்டது. எங்கள் அலுமாரியில் அது இன்னும் ஒன்பதாவது கோளாகப் பதவியில் இருக்கிறது. அதைக் கழற்றச் சொல்லி ஒருவரும் கடிதம் அனுப்பவில்லை. கணினிக்கு நிரல் எழுதும் மொழியான பைதனுக்கு இருக்கிற ஒரேயொரு புத்தகம் படிப்பிப்பது பழைய பதிப்பான பைதன் 2; அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1 உடன் முடிந்துவிட்டது. அதைப் பார்த்து அடைப்புக்குறி போடாமல் 'பிரின்ட்' கட்டளை எழுதும் பிள்ளைக்கு, இப்போதைய பைதன் உள்ள கணினி பிழை காட்டுகிறது. பிள்ளையோ தனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று நினைக்கிறது.

பலகையைக் கேட்டு நாங்கள் கொடுத்த மனு இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டால், குழு ஒன்று போட்டிருக்கிறது, இன்னும் இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். இதற்கும் எங்களிடம் ஒரு தாள் இருந்தது, ஒட்டக் கிடைக்கவில்லை. ஐ.பி.எம். நிறுவனத்தில் 1960களில் பெரிய மென்பொருள் வேலையொன்றை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் சொன்னது: பிந்திப்போன வேலைக்கு ஆளைக் கூட்டினால் அது இன்னும் பிந்தும். ஐந்து பேர் ஆளுக்காள் கதைத்து முடிக்கப் பத்து இணைப்பு வேண்டும். பத்துப் பேருக்கு நாற்பத்தைந்து. ஒரு மரப்பலகைக்கு எத்தனை இணைப்பு என்று சபையே கணக்குப் பார்க்கட்டும்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் டாக்டர் கிறீன், மானிப்பாயில் எங்கள் பெடியளுக்கு மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து, அதற்கான நூல்களையும் தமிழாக்கினார். அவருக்கு அனுமதி கொடுத்த சபை எதுவோ, அதன் முகவரி கிடைத்தால் நாங்களும் அங்கேயே விண்ணப்பித்திருப்போம்.

மன்னிக்கவும், கோபம் கொஞ்சம் முந்திவிட்டது. பணிவாகக் கேட்கிறோம்: பலகையைத் திருப்பித் தாருங்கள். ஒட்டுமுன் நூலகர் வாசித்துக் கையெழுத்து வைக்க வேண்டும் என்றால் சம்மதம். நல்ல வாசகர் அவர், பிழையும் திருத்தித் தருவார். சபைக்கு ஒரு சதம் செலவில்லை. பலகை உங்கள் களஞ்சிய அறையில் சுவரோடு சாத்திக் கிடப்பதாக அறிகிறோம். திறப்பைத் தந்தால் நாங்களே வந்து எடுத்துப் பூட்டுவோம். தண்ணீரைப் பரிசோதிக்க எங்கே கொடுப்பது, போத்தலில் எப்படி எடுப்பது என்ற பதிலும் அச்சடித்துத் தயாராக இருக்கிறது.

இங்ஙனம்,
வாசிகசாலை வாசகர்கள் சார்பில் ஒருவன்