எங்கள் பள்ளிக் கணினிக்கு ஏற்ற மென்பொருளைத் தாருங்கள்

எல்லை தாண்டி வந்து கேரளத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கு உதவும் தமிழ் அமைப்புகளுக்கு,

வணக்கம். தேவிகுளம் வட்டத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியொன்றில் ஆசிரியராக இருக்கிறேன். போடிமெட்டு வழியாக நீங்கள் கொண்டுவரும் நோட்டும் புத்தகமும் அன்றைக்கே பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. தமிழ் கற்பிக்கும் மென்பொருள் மட்டும் பென்டிரைவிலேயே கிடக்கிறது. ஆசையோடு செய்து தந்தது வீணாகக் கிடப்பதைப் பார்க்க மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகளில் இருப்பது விண்டோஸ் அல்ல. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அடிப்படையாக வைத்து, கேரள அரசின் பள்ளித் தொழில்நுட்ப நிறுவனமான ‘கைட்’ உருவாக்கித் தரும் லினக்ஸ். ஐடி பாடநூல் அதை ஒட்டியது, பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வும் அதில்தான். நீங்கள் தருவதோ ‘இஎக்ஸ்இ’ என்று முடியும் கோப்பு. கோப்பைத் திறக்க, எழுத்தைக் காட்ட, ஒலியை எழுப்ப, எல்லாவற்றுக்கும் அந்த நிரல் விண்டோஸைத்தான் கேட்கும். லினக்ஸில் அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை.

‘ஒயின் போட்டுக்கொள்ளுங்களேன்’ என்கிறார்கள். விண்டோஸிடம் கேட்பதை லினக்ஸுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது ஒயின். சில நிரல்கள் அதில் நன்றாகவே ஓடும், மறுக்கவில்லை. ஆனால் என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற தட்டச்சுக் கருவிகள் விண்டோஸின் விசைப்பலகை அமைப்போடு இணைந்து இயங்க எழுதப்பட்டவை. ஒயினுக்குள் அவை திறந்தாலும், வெளியே ஓடும் லிப்ரே ஆபீஸ் என்ற ஆவணம் எழுதும் மென்பொருளில் பிள்ளைகள் தமிழ் அடிக்க உதவாது. அந்த வேலைக்கு லினக்ஸுக்கென்றே ‘ஐபஸ்’ என்ற தட்டச்சுக் கருவி இருக்கிறது. அதில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால் எல்லா நிரலிலும் தமிழ் வரும், காசும் வேண்டாம்.

விண்டோஸையே ஏற்றித் தருகிறோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். வீட்டில் கணினி இல்லாத பிள்ளை, லினக்ஸில் நடக்கும் தேர்வுக்குப் பழக இருக்கும் ஒரே இடம் பள்ளி ஆய்வகம்தான்.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும்படி மென்பொருள் செய்ய முடியாததும் அல்ல. கணிதம் கற்பிக்கும் ஜியோஜீப்ரா, சிறு பிள்ளைகளுக்கான கல்வி விளையாட்டுகள் கொண்ட ஜிகாம்ப்ரி இரண்டுமே விண்டோஸுக்குத் தனியாகவும் லினக்ஸுக்குத் தனியாகவும் வருகின்றன. ஆகவே மென்பொருள் எழுதுபவரிடம் வேலையை ஒப்படைக்கும்போதே, உபுண்டுவில் நிறுவக்கூடிய ‘டெப்’ கோப்பாகவும் வேண்டும் என்று கேளுங்கள். அது முடியாதென்றால், இணையம் இல்லாமலே பிரவுசரில் திறக்கும்படி செய்யச் சொல்லுங்கள். மலையில் இணைப்பை நம்பி வகுப்பு எடுக்க முடியாது.

பாடங்கள் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் இருக்கட்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பாடம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரிகிறது. படிக்க வந்த பிள்ளை அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறது.

ஜூனில் எங்களுக்குப் பள்ளி திறக்கிறது. முழுத் தொகையையும் கொடுத்து முடிப்பதற்கு முன் மென்பொருள் எழுதுபவரையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் வாருங்கள். எங்கள் ஆய்வகக் கணினியில் போட்டு, பிள்ளைகளையே உட்காரவைத்து ஓட்டிப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
தமிழாசிரியர் ஒருவர்,
தேவிகுளம் வட்டம்